கட்டிலருகே ஒரு துளிக் குருதி

தாயின் வயிற்றில் வாழும்வரை குழந்தை பசியறியாது. தாயின் குருதியிலுள்ள சர்க்கரை, சூல்வித்தகத்தின் வழியாக இரவும் பகலும் இடையறாது அதன் உடலிற் சேர்ந்துகொண்டேயிருக்கின்றது. பிறந்தவுடன் கொப்பூழ்க்கொடி அறுக்கப்படுகின்றது. அக்கணமே அந்த ஊட்டமும் அறுந்துபோகின்றது. அடுத்த ஓரிரு மணித்தியாலங்களிற் குழந்தையின் குருதிச் சர்க்கரை விரைந்து தாழ்கின்றது. நிறைமாதத்திற் பிறந்த நலமான குழந்தை, தன் ஈரலிற் சேமித்துவைத்த கிளைக்கோசனைச் சர்க்கரையாக மாற்றியும், உடற்கொழுப்பை எரித்தும், தாய்ப்பாலை அருந்தியும் அத்தாழ்விலிருந்து மீண்டுவிடும்.

ஆனால், எல்லாக் குழந்தைகளும் அவ்வாறு மீள்வதில்லை. மாதம் நிரம்பாது பிறந்த குழந்தைக்குப் போதிய சேமிப்பு இல்லை. கருப்பையில் ஊட்டங் குன்றி மெலிந்து பிறந்த குழந்தையின் நிலையும் அதுவே. நீரிழிவுடைய தாய்க்குப் பிறந்த குழந்தையோ வேறொரு வகையில் இடர்ப்படுகின்றது. தாயிடமிருந்து வந்த மிகையான சர்க்கரைக்கு ஈடுகொடுத்துப் பழகிய அதன் சதையி, பிறந்த பின்னரும் இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, எஞ்சியிருக்கும் சர்க்கரையையும் குறைத்துவிடுகின்றது. இவ்விளக்கத்தை 1952-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஜோர்கன் பீடர்சன் எடுத்துரைத்தார்.

இத்தாழ்வினால் முதலில் இடருறுவது மூளை. பிறந்த குழந்தையின் மூளை அதன் உடல் நிறையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்காகும். அதன் முதன்மையான எரிபொருள் சர்க்கரை. சர்க்கரை மிகத் தாழ்ந்து நெடுநேரம் நிலைக்குமாயின், மூளைக் கலங்கள் சிதைந்து, வாழ்நாள் முழுதும் நீங்காத குறை நேரலாம். இதனிலும் கொடிய செய்தி யாதெனில், இத்தாழ்வு பெரும்பாலும் ஓசையின்றி வருவதே. சில குழந்தைகள் நடுங்கும். சில சோர்ந்து கிடக்கும். சிலவற்றுக்கு மூச்சு இடைவிட்டு நிற்கும் அல்லது வலிப்புக் காணும். ஆனால் இவை யாவும் வேறு நோய்களிலும் தோன்றுவன. பல குழந்தைகளில் எந்த அறிகுறியுமே தோன்றுவதில்லை. ஆதலின், கண்ணாற் கண்டு அறிய இயலாததை அளந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு அளக்க மனிதர் வகுத்த வழிகளின் வரலாறும், அவ்வழிகளை நம்பலாமா என்று ஆராய்ந்தோரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை.

உடலிலுள்ள சர்க்கரையை அறியும் முயற்சி மிகப் பழையது. நீரிழிவுடையோரின் சிறுநீர் இனிக்கும் என்பதைப் பண்டைய இந்திய மருத்துவ நூலார் அறிந்திருந்தனர். மதுமேகம் என அவர்கள் இட்ட பெயரே அதற்குச் சான்று. ஐரோப்பாவில் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1670-களில் அவ்வினிமையைச் சுவைத்து எழுதினார். 1776-ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து மத்தேயு டொப்சன், அத்தகைய சிறுநீரைக் காய்ச்சி வற்றச்செய்து எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டியதோடு, நோயாளரின் குருதி நீரும் இனிப்பதைக் குறிப்பிட்டார். பிரான்சு நாட்டுக் குளோட் பெர்னாட் 1840-களிலும் 1850-களிலும் செய்த ஆய்வுகளால், ஈரலே சர்க்கரையை ஆக்கிக் குருதியில் விடுகின்றது என்பதும், கிளைக்கோசன் என்ற சேமிப்புப் பொருள் உண்டென்பதும் தெளிவாயின.

எனினும், குருதிச் சர்க்கரையை அளப்பதற்குப் பழைய முறைகள் குருதியை மிகுதியாக வேண்டின. வளர்ந்த மனிதரிடத்தில் அது பெருங்குறையன்று. ஆனால், ஒரு கிலோகிராம் நிறையுள்ள குறைமாதக் குழந்தையின் உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ 90 மில்லிலீற்றரே. ஒரு சோதனைக்குப் பத்து மில்லிலீற்றர் எடுப்பின் அதன் குருதியில் ஒன்பதிலொரு பங்கு போய்விடும். சர்க்கரையை அறிய முயன்று குழந்தையை இழக்கும் கதையாகவே அது முடியும்.

இத்தடையை முதலில் தளர்த்தியவர்களுள் ஒருவர், சுவீடனிலுள்ள லுண்ட் நகரிற் பணிபுரிந்த ஐவார் பாங் என்பவர். 1913-ஆம் ஆண்டளவில், சில துளிக் குருதியைக் கடதாசித் துண்டில் ஊறவைத்து நிறுத்து, அதிலுள்ள சர்க்கரையை அளக்கும் நுண்முறையை அவர் வகுத்தார். அதன்பின் வேறு பல முறைகளும் வந்தன. அவற்றுட் பல, செம்பு உப்பு முதலியவற்றை மாற்றும் சர்க்கரையின் இயல்பைப் பயன்படுத்தியவை. ஆனால் அவ்வியல்பு குருதியிலுள்ள வேறு சில பொருள்களுக்கும் உண்டு. ஆதலின் அம்முறைகள் சர்க்கரையோடு பிறவற்றையும் சேர்த்து அளந்து, உண்மையிலும் மிகுதியான தொகையையே காட்டின. கருவி ஒன்று சொல்லும் எண்ணுக்கும் உடலின் உண்மைக்கும் இடைவெளி இருக்கக்கூடும் என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது.

1921-ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும் கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு நோயாளருக்கு வழங்கப்பட்டது. நீரிழிவுடையோருக்கு வாழ்வு தந்த அம்மருந்து, அளவு மிகுந்தபோது நடுக்கத்தையும் மயக்கத்தையும் வலிப்பையும் விளைவித்தது. சர்க்கரை மிகுவது மட்டுமன்றி, குறைவதும் நோயே என்ற அறிவு அதனாற் பரவியது. 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரத்து ஹார்ட்மன், ஜோடன் என்னும் இருவர் குழந்தைகளிற் காணும் இக்குறையைப் பற்றி விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டனர். 100 மில்லிலீற்றர் குருதியிற் சர்க்கரை 40 முதல் 50 மில்லிகிராம் வரை இருப்பின் மென்மையானது, 20 முதல் 40 வரை இருப்பின் நடுத்தரமானது, 20-இலும் தாழ்ந்தால் மிகக் கடுமையானது என அவர்கள் வகுத்தனர்.

ஆயினும், மருத்துவ உலகம் அதனை உடனே உளங்கொள்ளவில்லை. புதிதாய்ப் பிறந்த குழந்தை தாழ்ந்த சர்க்கரையைத் தாங்கவல்லது என்ற எண்ணமே பரவலாக இருந்தது. அக்காலத்தில் நிலவிய மற்றொரு வழக்கமும் இங்கே நினைத்தற்குரியது. குறைமாதக் குழந்தைக்குப் பாலூட்டினால் அது புரையேறி மூச்சை அடைக்கும் என அஞ்சி, பிறந்து ஒரு நாளோ இரு நாளோ, சில இடங்களில் மூன்று நாளோ, யாதொன்றும் ஊட்டாது விட்டனர். சேமிப்பற்ற உயிரைப் பட்டினியும் கிடக்கவிட்ட அவ்வழக்கம் நல்லெண்ணத்தினாற் பிறந்ததே. அதன் விளைவு இன்னதென்று அன்று எவரும் அளந்து பார்த்திலர்.

1959-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மார்வின் கோர்ன்பிளாத் தம் துணைவருடன் எட்டுக் குழந்தைகளின் நோய் வரலாற்றை வெளியிட்டார். அவர்கள் கருக்காலத்தில் குருதியமுக்க நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்தவர்கள். அக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்ந்தது, மூச்சு இடைவிட்டது, வலிப்பும் கண்டது. குருதியிற் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. நாளம் வழியே சர்க்கரைக் கரைசல் செலுத்தியதும் அறிகுறிகள் தணிந்தன. தாழ்ந்த சர்க்கரையைக் குழந்தை தாங்கும் என்ற எண்ணம் அத்துடன் ஆட்டங்கண்டது. 1964-ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் நகரத்து விக்டோரியா ஸ்மோல்பீஸ், பமீலா டேவிஸ் என்னும் இரு பெண் மருத்துவர்கள், குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த சில மணித்தியாலங்களிலேயே தூய தாய்ப்பாலை ஊட்டிப் பார்த்தனர். அவர்கள் கண்ட பயன் பட்டினி வழக்கத்தைக் கைவிடப் பெரிதும் தூண்டியது.

அதே காலத்திற் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் தோன்றலாயின. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் லூயிஸ் குளக் என்பவர் 1960-ஆம் ஆண்டில் அமைத்த பிரிவு அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. முன்னர் பிழைக்கமாட்டா எனக் கைவிடப்பட்ட சின்னஞ்சிறு உயிர்கள் அங்கே நாட்கணக்கிற் காக்கப்பட்டன. அவற்றின் சர்க்கரையை ஒருமுறையன்று, நாளொன்றுக்குப் பலமுறை அறிய வேண்டியிருந்தது. ஆய்வுகூடத்துக்குக் குருதியை அனுப்பி விடைக்குக் காத்திருத்தல் இயலாததாயிற்று. நள்ளிரவில் ஆய்வுகூடமே பூட்டிக்கிடப்பதும் உண்டு. கட்டிலருகே நின்று, ஒரு துளிக் குருதியில், ஓரிரு நிமிடத்தில் விடைகாணும் வழியொன்று வேண்டும் என்ற வேட்கை இவ்வாறு பிறந்தது.

அவ்வழிக்கு வித்து வேறிடத்தில் ஏற்கனவே இடப்பட்டிருந்தது. 1928-ஆம் ஆண்டில் டெட்லெவ் முல்லர் என்பவர் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து, குளுக்கோசை மட்டும் தேடிப் பற்றி ஒட்சியேற்றும் நொதியம் ஒன்றைக் கண்டறிந்தார். சர்க்கரையை அளக்க அதனைப் பயன்படுத்தலாம் என 1948-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கெய்லினும் ஹார்ட்ரியும் காட்டினர். அந்நொதியம் தொழிற்படும்போது ஐதரசன் பெரொட்சைட்டு உண்டாகின்றது. அது மற்றொரு நொதியத்தின் துணையால் ஒரு சாயப்பொருளின் நிறத்தை மாற்றுகின்றது. சர்க்கரை மிகுந்தால் நிறமும் மிகும். அமெரிக்காவின் எல்கார்ட் நகரிலிருந்த ஏம்ஸ் நிறுவனம் இவற்றையெல்லாம் கடதாசிக் கீற்று ஒன்றில் உலர்த்திப் பதித்து, 1956-ஆம் ஆண்டில் சிறுநீருக்கான சோதனைக் கீற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960-களின் நடுப்பகுதியில் குருதிக்கான டெக்ஸ்ட்ரொஸ்டிக்ஸ் என்னும் கீற்று வந்தது.

அதனைக் கையாளும் முறை எளிது. குழந்தையின் குதிக்காலை ஊசியாற் குத்தி, வெளிப்படும் பெருந்துளியைக் கீற்றின் நுனியில் ஏந்துதல் வேண்டும். சரியாக ஒரு நிமிடங் கழித்துத் தண்ணீராற் குருதியைக் கழுவி, எஞ்சிய நீலநிறத்தைப் போத்தலின் மேலுள்ள நிறவரிசையோடு ஒப்பிடல் வேண்டும். தாதியரே இதனைச் செய்யலாம், ஆய்வுகூடம் வேண்டியதில்லை. உலகின் குழந்தைப் பிரிவுகள் பலவும் இக்கீற்றை விரைந்து கைக்கொண்டன. முன்னர் ஐயமாய் மட்டும் இருந்த ஒன்று, இப்போது கண்முன்னே நிறமாய்த் தெரிந்தது.

ஆனால், அக்கீற்று எவருக்காக ஆக்கப்பட்டது என்பதனைக் கருதுதல் வேண்டும். அது நீரிழிவுடைய வளர்ந்தோருக்காக ஆக்கப்பட்டது. அவர்களிடத்தில் அறியவேண்டியது மிகையான சர்க்கரை. 200 என்பதும் 230 என்பதும் அவர்களுக்குப் பெரும் வேறுபாடல்ல. குழந்தையிடத்திலோ அறியவேண்டியது குறைந்த சர்க்கரை. 30 என்பதற்கும் 50 என்பதற்கும் இடையிலே பெரும் வேறுபாடு உண்டு. அத்தாழ்ந்த அளவுகளிற் கீற்றின் நிறம் மிக வெளிறியது. ஒரு தாதி நீலம் என்பதை மற்றொருவர் சாம்பல் என்பார். பகலொளியில் ஒருவாறும், விளக்கொளியில் வேறொருவாறும் தோன்றும். ஒரு நிமிடத்துக்குப் பதிலாக ஒன்றேகால் நிமிடம் கழிந்தாலோ, கழுவும் நீர் மிகுந்தாலோ விடை மாறும். போத்தலின் மூடி திறந்துகிடந்து ஈரக்காற்றுப் பட்டாலும் கீற்றுக் கெடும். குதிக்காலைத் துடைத்த மதுசாரம் உலருமுன் குத்தினால், அது குருதியோடு கலந்து உண்மையிலும் கூடிய அளவைக் காட்டும் என்பதும் 1980-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டப்பட்டது.

குழந்தையின் குருதியே மற்றொரு இடையூறாயிற்று. வளர்ந்தோரின் குருதியில் செங்குழியங்கள் நூற்றுக்கு 45 பங்கு அளவில் இருக்க, புதிதாய்ப் பிறந்த குழந்தையில் அவை 60 பங்கையும் தாண்டுவதுண்டு. குருதி அவ்வாறு தடித்திருந்தால் கீற்றினுள் ஊறும் திரவம் குறையும். கீற்றும் உண்மையிலும் தாழ்ந்த அளவைக் காட்டும். அதற்கு மாறாக, நாட்பட்ட சிகிச்சையில் அடிக்கடி குருதி எடுக்கப்பட்டுச் சோகையுற்ற குறைமாதக் குழந்தையிற் கீற்று உண்மையிலும் கூடிய அளவைக் காட்டும். இப்பிழையே பின்னும் அஞ்சத்தக்கது. சர்க்கரை தாழ்ந்திருக்கையில் தாழவில்லை என்று சொல்லிப் பார்ப்போரை உறங்கவைப்பது அதுவே.

அங்ஙனமாயின் ஆய்வுகூடத்தையே நம்பியிருக்கலாமே எனின், அதற்கும் ஒரு குறை உண்டு. குழாயில் எடுத்துவைத்த குருதியிற் செங்குழியங்கள் உயிர்ப்போடு இருந்து, மணித்தியாலத்துக்கு நூற்றில் ஐந்து முதல் ஏழு பங்குவரை சர்க்கரையைத் தாமே உண்டுவிடுகின்றன. செங்குழியம் மிகுந்த குழந்தைக் குருதியில் இவ்விழப்பு இன்னும் விரைவானது. புளோரைட்டு உப்பு இட்ட குழாய்கூட அதனைத் தடுக்கச் சிறிது நேரம் பிடிக்கும். எனவே, குழாய் சாளரத்தருகே இரண்டு மணித்தியாலம் கிடந்தால், மிகத் துல்லியமான ஆய்வுகூடமும் குழந்தையின் சர்க்கரையை அன்று, குழாயின் சர்க்கரையையே அளந்து சொல்லும். ஆக, விரைவான வழி பிழைபடுவது. துல்லியமான வழி காலந்தாழ்வது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டியவரானார்.

மனிதக் கண்ணின் பிழையை நீக்க முதலிற் கருவிகள் வந்தன. ஏம்ஸ் நிறுவனத்தின் அன்ரன் கிளெமன்ஸ் என்பவர், கீற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சி, மீளும் ஒளியை அளந்து முள்ளினாற் காட்டும் கருவியை ஆக்கினார். அது 1970-ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அது ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது. மற்றொரு பாதையை அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளாக் 1962-ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். நிறத்தை நோக்காது, நொதியத்தின் தொழிற்பாட்டை மின்வாயினால் அளப்பதே அப்பாதை. இங்கிலாந்தின் கிரான்பீல்ட், ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் அதனை மேலும் வளர்த்தனர். அதன் பயனாக 1987-ஆம் ஆண்டிற் பேனையளவான மின்வாய்க் கருவி சந்தைக்கு வந்தது. கழுவுதலும் துடைத்தலும் ஒழிந்தன. துளியின் அளவு சுருங்கியது. கருவியின் முகப்பில் எண் ஒன்று தெளிவாக ஒளிர்ந்தது. தெளிவாக ஒளிரும் எண் உண்மையான எண்ணாகவும் இருக்கும் என்ற மயக்கமும் அதனோடு கூடவே வந்தது.

அம்மயக்கத்தை நீக்கியவர்கள் புள்ளிவிவர அறிஞர்கள். புதிய கருவி ஒன்றைச் சோதிப்போர், அதன் எண்களையும் ஆய்வுகூட எண்களையும் ஒருங்கே வைத்து, ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகின்றதா என்று பார்ப்பது நெடுநாள் வழக்கம். இரண்டும் ஒத்து ஏறினால் கருவி நன்று என்பர். இது எத்துணைப் பிழையான முடிபு என்பதை நெல்லளக்கும் கொத்தினைக் கொண்டு உணரலாம். கள்ள அடித்தட்டுப் பொருத்திய கொத்தினால் அளந்தாலும், பத்துக் கொத்து நெல் ஐந்து கொத்து நெல்லிலும் இருமடங்காகவே இருக்கும். ஏற்றமும் இறக்கமும் ஒத்தேயிருக்கும். ஆனால் ஒவ்வொரு கொத்திலும் வாங்குபவன் ஏமாற்றப்படுகின்றான்.

1986-ஆம் ஆண்டில் மார்ட்டின் பிளாண்ட், டக்ளஸ் ஒல்ற்மன் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் இதனை எளிய முறையில் விளக்கினர். இரு கருவிகளும் ஒத்து ஏறுகின்றனவா என்று கேளாதீர். ஒரே குருதியில் இரண்டும் காட்டும் எண்களுக்கிடையே வேறுபாடு எவ்வளவு, அவ்வேறுபாடு எவ்வெல்லைக்குள் அடங்குகின்றது என்று கேளுங்கள் என்பதே அவர்கள் கூற்றின் சாரம். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக் கிளாக் என்பவரும் துணைவரும் மற்றொரு கேள்வியை முன்வைத்தனர். பிழையான எண் நோயாளருக்கு எத்தீங்கை விளைவிக்கும் என்பதே அது. எல்லாப் பிழையும் ஒரு நிறையின அல்ல. சிகிச்சையை மாற்றாத பிழையும் உண்டு. உயிரை மாற்றும் பிழையும் உண்டு.

இக்கேள்விகளைக் குழந்தைப் பிரிவிற் கேட்டபோது கருவிகள் தடுமாறின. வீட்டில் நீரிழிவுடையோர் பயன்படுத்தும் கருவிகளுக்காக 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலகத் தரம், 75 மில்லிகிராமுக்குக் கீழுள்ள அளவுகளில் 15 மில்லிகிராம் வரை கூடவோ குறையவோ காட்டுதலை ஏற்றுக்கொண்டது. வளர்ந்தோருக்கு அது போதுமானதாகலாம். குழந்தையின் உண்மையான சர்க்கரை 47 எனின், தரத்துக்கு உட்பட்ட கருவியே 32 என்றும் காட்டலாம். 62 என்றும் காட்டலாம். முதல் எண் பிரிவையே பதறச் செய்யும். இரண்டாவது எண் எவரையும் திரும்பிப் பார்க்கவும் செய்யாது. ஹொங்கொங் மருத்துவர்கள் ஐந்து வகைக் கருவிகளைக் குழந்தைகளிற் சோதித்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் முடிபும், அவற்றுள் எதனையும் தனித்து நம்பிக் குழந்தையின் தாழ்ந்த சர்க்கரையை முடிவுசெய்ய இயலாது என்பதே.

இருபுறப் பிழையிலும் இழப்பு உண்டு என்பது இங்கே கருதத்தக்கது. தாழ்வைக் காணத் தவறினால் மூளைக்கு ஊறு. இல்லாத தாழ்வைக் கண்டதாக எண்ணினாலோ, நலமான குழந்தை தாயின் அணைப்பிலிருந்து பிரிக்கப்படும்; நாளத்தில் ஊசி ஏற்றப்படும்; தாய்ப்பால் தொடங்கவேண்டிய முதல்நாளிற் புட்டிப்பால் புகும்; குதிக்கால் மேன்மேலும் குத்தப்படும். தன் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியினுள்ளே கண்டு நிற்கும் தாயின் கலக்கத்தை எந்தப் புள்ளிவிவரமும் அளப்பதில்லை. ஆதலாற்றான், ஐயத்துக்குரியதையெல்லாம் தாழ்வென்றே கொள்ளுதலும் எளிய தீர்வாகாது.

கருவி இவ்வாறிருக்க, அளக்கப்படும் எல்லைதான் எது என்பதிலும் ஒருமைப்பாடு இருக்கவில்லை. கோர்ன்பிளாத் 1960-களில் நிறைமாதக் குழந்தைக்கு 30 மில்லிகிராமும், நிறை குறைந்த குழந்தைக்கு 20 மில்லிகிராமும் முதல் மூன்று நாள்களுக்குரிய எல்லையெனக் கொண்டார். 1988-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஆய்வாளர்கள் பாடநூல்களையும் மருத்துவர்களையும் வினவியபோது, எல்லை 18 மில்லிகிராம் முதல் 72 மில்லிகிராம் வரை ஆளுக்கொன்றாய் இருக்கக் கண்டனர். அதே குழுவினர் பதினேழு குழந்தைகளில், புலனுணர்ச்சி மூளைக்குச் செல்லும் விரைவை அளந்து, சர்க்கரை 47 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியபோது அது குன்றியதைக் கண்டனர். அவ்வாண்டிலேயே அலன் லூக்கஸ் குழுவினர், குறைமாதத்திற் பிறந்த 661 குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ஐந்து நாளோ அதற்கு மேலோ அவ்வெல்லைக்குக் கீழிருந்த குழந்தைகள் 18 மாத வயதில் வளர்ச்சி குன்றியிருந்தனர் என்பது அவர்கள் கண்டது.

இவ்வாறு 47 என்ற எண் உலகெங்கும் பரவியது. ஆனால், பரவிய எண்ணும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. வட இங்கிலாந்திற் குறைமாதத்திற் பிறந்தோரைப் பதினைந்து வயதுவரை தொடர்ந்து நோக்கி 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. நெதர்லாந்தில் 689 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு 36 மில்லிகிராமும் மறு கூறுக்கு 47 மில்லிகிராமும் சிகிச்சை தொடங்கும் எல்லையாக வைத்து நடத்திய சோதனை 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 35 வாரம் நிறைந்து பிறந்த, வேறு வகையில் நலமான அக்குழந்தைகள் 18 மாத வயதில் இரு கூறிலும் ஒப்பவே வளர்ந்திருந்தனர். ஆயினும் தாழ்ந்த எல்லையைக் கொண்ட கூறிற் சர்க்கரைத் தாழ்வு மிகுதியாகவும் கடுமையாகவும் நேர்ந்தது.

நியூசிலாந்தின் ஹமில்டன் நகரில் நடந்த ஆய்வுகள் இவ்வரலாற்றிற் சிறப்பிடம் பெறத்தக்கன. இடருக்கு உள்ளாகக்கூடிய 514 குழந்தைகளை அவ்வாய்வாளர்கள் நோக்கியபோது, ஏறத்தாழப் பாதிப்பேரிற் சர்க்கரை 47 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கியிருந்தது. அவர்கள் வீட்டுக் கருவிகளை நம்பாது, குருதி வாயுக்களை அளக்கும் துல்லியமான நொதிய மின்வாய்ப் பொறியையே கொண்டு அளந்தனர். 2013-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட சோதனையில், சர்க்கரைக் களியைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்துப் பாலூட்டியபோது, தாழ்வு நீங்காதோர் நூற்றுக்கு 24 பேரிலிருந்து 14 பேராகக் குறைந்தனர். ஊசியின்றி, தாயிடமிருந்து பிரிக்காமலே செய்யத்தக்க சிகிச்சை அது. துல்லியமாக அளந்ததனாலேயே அச்சிறு நன்மையையும் ஐயமின்றிக் காண முடிந்தது. பிழைபட்ட கருவியால் அளந்திருப்பின், பத்துப் பங்கான அவ்வேறுபாடு கருவியின் பிழைக்குள்ளேயே மறைந்துபோயிருக்கலாம்.

மருத்துவ வரலாற்றில் எச்சரிக்கையான நிகழ்ச்சியும் உண்டு. சில கருவிகளில் இடப்பட்ட ஒருவகை நொதியம் குளுக்கோசை மட்டுமன்றி, மோல்ற்றோசு, கலக்டோசு முதலிய வேறு சர்க்கரைகளையும் குளுக்கோசு என்றே எண்ணியது. வேறு சிகிச்சையின் பொருட்டு அத்தகைய சர்க்கரை உடலிற் சேர்ந்த நோயாளரிற் கருவி பொய்யான உயர்வைக் காட்டியது. அதனை நம்பி இன்சுலின் வழங்கப்பட்டது. 1997-ஆம் ஆண்டுக்குப் பின் இத்தொடர்பில் 13 இறப்புகள் அறிவிக்கப்பட்டன என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2009-ஆம் ஆண்டில் எச்சரித்தது. கலக்டோசைச் செரிக்கவியலாத பிறவிக் குறையுடைய குழந்தையிலும் இதே பொய் நேரலாம். அந்நிருவாகம் 2016-ஆம் ஆண்டில், வைத்தியசாலைக் கருவிகளுக்கென, வீட்டுக் கருவிகளினின்று வேறான கடுமையான நெறிகளை வகுத்தது. செங்குழியத்தின் அளவையும் தாமே அறிந்து திருத்திக்கொள்ளும் கருவிகளும் பயன்பாட்டுக்கு வந்தன.

இத்தனை ஆண்டுகளின் அனுபவம் ஓர் எளிய ஒழுங்கில் வந்து நிற்கின்றது. கட்டிலருகே எடுக்கும் ஒரு துளிக் குருதி காவற்காரன் போன்றது, நீதிபதி போன்றதன்று. காவற்காரன் குரல் கொடுத்தால் எழுந்து செல்லுதல் கடமை. அவன் சொல்லே இறுதித் தீர்ப்பன்று. கருவி தாழ்வைக் காட்டின், துல்லியமான முறைக்கு உடனே குருதி அனுப்பப்படல் வேண்டும். ஆனால் அவ்விடை வரும்வரை சிகிச்சை காத்திருத்தல் ஆகாது. கருவி தாழ்வைக் காட்டாதபோதும், குழந்தை சோர்ந்தோ நடுங்கியோ காணப்படின், கருவியிலும் குழந்தையையே நம்புதல் வேண்டும். புதிய கருவி வந்தால், அது வளர்ந்தோரிடத்து எவ்வளவு நன்று என்பதன்று, குழந்தையின் குருதியில், தாழ்ந்த அளவுகளில், எவ்வளவு பிழைபடும் என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும்.

டொப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றச்செய்த நாளிலிருந்து, கட்டிலருகே கருவியின் முகப்பில் எண் ஒளிர்ந்த நாள்வரை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன. அளக்கும் ஆற்றல் அக்காலத்தில் வியக்கத்தக்கவாறு வளர்ந்தது. எனினும், அதனினும் பிந்தி வந்தது அளவுகோலையே அளந்து பார்க்கும் பணிவு. பேசத்தெரியாத குழந்தையின் சார்பிற் பேசுவது அதன் குதிக்காலிற் கசியும் ஒரு துளிக் குருதியே. அத்துளி சொல்லும் மொழியைப் பிழையறப் பெயர்ப்பதிலேதான், ஒரு மூளையின் எதிர்காலமும் ஒரு தாயின் அமைதியும் தங்கியிருக்கின்றன.